சுங்கான் பழக வருபவரும் கடைக்காரரும்

உப்பு முதல் கற்பூரம் வரை எல்லாம் இருந்தால்தான் அது பலசரக்குக் கடை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கோட்டாறு, வடசேரி தொடங்கி தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் வரை நம் மாவட்டக் கடைகளில் உப்புக்கும் கற்பூரத்துக்கும் நடுவே புகையிலைக்கும் ஓர் இடம் வெகுகாலமாக இருந்து வருகிறது. முறுக்கானுக்குப் போடும் புகையிலை, பொடி, பீடி, சுருட்டு, சிகரெட் ஆகியவற்றின் தரமும் விலையும் நமக்கு அத்துப்படி. ஆனால் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களோ, சினிமாவில் பார்த்து ஆசைப்பட்ட இளைஞர்களோ வந்து, "பைப் கிடைக்குமா? அதற்கான புகையிலை இருக்கிறதா? புதிதாகப் பழகுகிறவர் எதை வாங்க வேண்டும்?" என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம்.

பைப் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் சுங்கானைப் பற்றியும், அதைப் பழக வருகிறவரைப் பற்றியும், இந்த வியாபாரத்தைச் சூழ்ந்திருக்கும் சட்டங்களைப் பற்றியும் நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம். விற்பவருக்குச் சரக்கு தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, யாருக்கு விற்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

அக்பர் சக்கரவர்த்தி பழகிய கதை

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர்கள் மூலம் இந்தியாவுக்கு வந்தது. நம் நாட்டில் சுங்கானைப் புதிதாகப் பிடித்துப் பார்த்தவர்களில் வரலாற்றில் பதிவானவர் சாமானியர் அல்லர். முகலாயச் சக்கரவர்த்தி அக்பரே அவர். 1604-05 ஆண்டுகளை ஒட்டி, அவருடைய அதிகாரி அசத் பேக் தக்காணத்து பீஜப்பூரிலிருந்து திரும்பும்போது புகையிலையையும் அழகிய வேலைப்பாடுள்ள ஒரு சுங்கானையும் கொண்டுவந்து அரசருக்குக் காணிக்கையாக வைத்தார். அக்பர் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தார். அரண்மனை வைத்தியருக்கு அது பிடிக்கவில்லை. நம் நூல்களில் சொல்லப்படாத புதிய பொருள், இதன் குணம் நமக்குத் தெரியாது என்று தடுத்தார்கள். அக்பர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. அசத் பேக் கொண்டுவந்திருந்த மீதிச் சரக்கைப் பிரபுக்கள் கேட்டு வாங்கினார்கள். பிறகு வியாபாரிகள் அதை விற்கத் தொடங்கினார்கள். பழக்கம் வேகமாகப் பரவியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1617-இல் அக்பரின் மகன் ஜஹாங்கீர் தடை உத்தரவு போட்டும் பயன் இல்லை. சக்கரவர்த்தி கைவிட்ட பொருளைச் சந்தை பரப்பிவிட்டது. வணிகர்களாகிய நாம் இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட முடியாது.

நாஞ்சில் நாடும் யாழ்ப்பாணப் புகையிலையும்

1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தச் சமஸ்தானத்தில் மக்கள் பெரிதும் விரும்பியது யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியாக வந்த புகையிலையைத்தான். மலையாளத்தில் 'ஜாப்பாணம் புகையில' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இதில் வந்த வருமானம் பெரிதாக இருந்ததால் புகையிலை வியாபாரத்தைச் சர்க்கார் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1863-இல், அந்த ஏகபோகம் ஒழிந்தது. அதன்பின் தீர்வை கட்டி வணிகர்கள் இறக்குமதி செய்யலாம் என்றானது.

புகையிலை அன்றும் சாதாரணச் சரக்கல்ல, இன்றும் அல்ல. அரிசி, பருப்பைப் போல அதை அரசு விட்டுவைத்ததே இல்லை. முன்பு அரசு தலையிட்டது வருமானத்துக்காக. இப்போது வருமானத்தோடு மக்கள் உடல்நலமும் சேர்ந்துகொண்டது.

சுங்கான் என்பது என்ன?

சுங்கானுக்கு இரண்டு பகுதிகள். புகையிலை அடைக்கும் கிண்ணம் ஒன்று. வாயில் வைக்கும் தண்டு மற்றொன்று. நல்ல சுங்கான்கள் பிரையர் என்ற மரத்தால் செய்யப்படுகின்றன. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டு அது. சூட்டைத் தாங்கும், எளிதில் கருகாது. சோளக் கதிரின் சக்கையைக் குடைந்து செய்யும் மலிவான சுங்கான்களும் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

சுங்கான் புகையிலை சற்று ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். உலர்ந்துவிட்டால் வேகமாக எரிந்து நாக்கைச் சுடும். ஈரம் மிகுந்தால் அணைந்து அணைந்து போகும், பூசணமும் பிடிக்கும். இடவப்பாதியிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழை பார்க்கும் நம் மாவட்டத்தில் காற்றுப் புகாத டப்பா இல்லாமல் இதைக் காப்பாற்ற முடியாது. கருவாடு, பெருங்காயம், மசாலாச் சரக்குகளின் பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும்.

பழகுகிறவர் படும் பாடு

பீடியைப் போலப் பற்றவைத்து இழுக்கும் காரியமல்ல இது. புகையிலையைக் கிண்ணத்தில் மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதலில் தளர்வாகவும், அடுத்து சற்று அழுத்தியும், கடைசியில் இன்னும் கொஞ்சம் அழுத்தியும் வைப்பார்கள். காற்று தடையில்லாமல் வருகிறதா என்று வெறுமனே இழுத்துப் பார்ப்பார்கள். முதல் தீக்குச்சி மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டும். அது உப்பி எழும். மெல்ல அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைப்பார்கள். பிறகு சூடான காப்பியை உறிஞ்சுவது போல நிதானமாக இழுப்பார்கள்.

புதியவர் இதில் ஒன்றையும் நிதானமாகச் செய்வதில்லை. அழுத்தி அடைத்துவிட்டுப் புகை வரவில்லை என்கிறார். அணைந்துவிடுமோ என்ற பயத்தில் வேகமாக இழுக்கிறார். கிண்ணம் கையைச் சுடுகிறது, நாக்கு எரிகிறது. சிகரெட் பிடித்துப் பழகியவரானால் புகையை நெஞ்சுக்குள்ளும் இழுத்துவிடுகிறார். சற்று நேரத்தில் தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது. மறுநாள் கடைக்கு வந்து, "சரக்கு சரியில்லை, வேறு ரகம் கொடுங்கள்" என்று கேட்கிறார்.

இங்கே நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் வாங்கிப்போன சரக்கில் குறை ஏதும் இல்லை. புகையிலையில் உள்ள நிகோடின் என்ற பொருள் ஒரு நஞ்சு. பூச்சிகள் தன்னைத் தின்னாமலிருக்கச் செடி உண்டாக்கிக்கொள்ளும் காவல் அது. ஈரமான புகையிலை இலையைக் கையால் பறிக்கும் தொழிலாளர்களுக்குக்கூடத் தோல் வழியாக ஏறி வாந்தியும் மயக்கமும் வருவதுண்டு. முதல் நாள் குமட்டல், 'வேண்டாம்' என்று உடம்பு சொல்லும் பதில். அதை மீறிச் சில நாள் தொடர்ந்தால் உடம்பு சொல்வதை நிறுத்திக்கொள்கிறது. அதற்குத்தான் 'பழகிவிட்டது' என்று பெயர். அதற்குப் பின் நிலைமை தலைகீழாகிறது. கிடைக்காவிட்டால் எரிச்சலும் தலைவலியும் வருகின்றன. அவற்றைப் போக்கிக்கொள்ளவே அவர் மறுபடி வாங்க வருகிறார். நாம் 'நிரந்தர வாடிக்கையாளர்' என்று சொல்கிறவர் இப்படித்தான் உருவாகிறார்.

"நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே!"

சுங்கான் பிடிப்பவர்கள் சொல்லும் சமாதானம் இது. பாதி உண்மை, பாதி தவறு. சிகரெட் புகை அமிலத் தன்மை கொண்டது. நுரையீரலுக்குள் போனால்தான் நிகோடின் நன்றாக இரத்தத்தில் ஏறும். சுங்கான், சுருட்டுப் புகை காரத் தன்மை கொண்டது. வாயில் நின்றாலே உட்தோல் வழியாக ஏறிவிடும். ஆகவே விழுங்காவிட்டாலும் அடிமைத்தனம் வரும். உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்கள் சுங்கானாலும் சுருட்டாலும் உண்டாகின்றன என்பது மருத்துவத்தில் நிலைநாட்டப்பட்ட செய்தி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1986-லேயே புகைபிடித்தலைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதிப்படுத்திவிட்டது. "சிகரெட்டை விட்டுவிட்டுச் சுங்கானுக்கு மாறினால் தொந்தரவு இல்லையா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், 'ஆமாம்' என்று சொல்லி விற்பது பொய்யைச் சொல்லி விற்பதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுங்கான் புகையிலை வெளிநாட்டுச் சரக்கு, அதற்குச் சட்டம் கிடையாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தவறு. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், பீடி, சுருட்டு, பொடி ஆகியவற்றோடு சுங்கான் புகையிலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. 18 வயது நிரம்பாதவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது. "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று பையன் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. வாங்கியவர் சிறுவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. சந்தேகம் இருந்தால் வயதுச் சான்று கேட்கலாம்.

2. பள்ளி, கல்லூரிகளின் எல்லைச் சுவர் அல்லது வேலியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், விற்பனை கூடாது.

3. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற அறிவிப்புப் பலகையைக் கடையில் பார்வையாக வைக்க வேண்டும். குறைந்த அளவு 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். கடையில் வேலை செய்யும் 18 வயதுக்குட்பட்ட பையன் இந்தச் சரக்கை எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

4. பெட்டியின் முக்கியப் பரப்பில் 85 சதவீதம் படத்தோடு கூடிய எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறை. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த டப்பாவை நம்மிடம் தள்ளிவிட்டால் அதில் இந்த எச்சரிக்கை இருக்காது. அதை விற்ற சில்லறைக் கடைக்காரருக்கு முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். லாபம் தரும் என்று நினைத்து வாங்கி வைக்கிற டப்பா, வீட்டுக்குள் இழுத்து விட்டுக்கொண்ட வம்பு.

5. மின்சாரச் சிகரெட்டுகள் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. விற்றால் மட்டுமல்ல, இருப்பு வைத்திருந்தாலும் குற்றம்.

200 ரூபாயா, 7 ஆண்டா?

சிறுவர்களுக்கு விற்றால் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். "கட்டிவிட்டுப் போகலாம்" என்று சிலர் அலட்சியமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவை அவர்கள் படித்ததில்லை. 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தாலோ, கொடுக்கச் செய்தாலோ 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. ஓர் ஒற்றைச் சிகரெட்டில் நமக்குக் கிடைப்பது சில்லறைக் காசு. அதற்காகக் கடையையும் குடும்பத்தின் நிம்மதியையும் பணயம் வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

ஒற்றையாக விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுப் பெட்டி வாங்கக் காசில்லாத சிறுவனுக்கு ஒற்றைச் சிகரெட்தான் வாசல். பெட்டியில் உள்ள எச்சரிக்கைப் படமும் அவன் கண்ணில் படுவதில்லை. புகைப்பவர்களில் பெரும்பாலோர் இளவயதிலேயே தொடங்கியவர்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அந்தப் பழமொழி வேறு எதற்குப் பொருந்தாவிட்டாலும் புகையிலைக்குப் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

சட்டப்படி விற்கத்தக்க சரக்கை, வயது வந்த ஒருவருக்கு, உரிய எச்சரிக்கையோடு விற்கும் வணிகரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டாண்டு காலமாக முறுக்கான் போடும் பெரியவரை நாம் திருத்திவிடப் போவதுமில்லை. ஆனால் பழகியவருக்கு விற்பதும், பழகாதவரைப் பழக்கிவிடுவதும் ஒன்றல்ல.

புகையிலைச் சரக்குகளை மிட்டாய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில், குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் வைக்க வேண்டாம். கம்பெனிக்காரர் இலவசமாகத் தருகிறார் என்பதற்காகப் பிராண்ட் பெயர் போட்ட பலகைகளை மாட்ட வேண்டாம். கடைப் பையன்களுக்கு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். முதலாளி சாப்பிடப் போன அரைமணி நேரத்தில்தான் தவறு நடக்கும். தண்டனையில் முதலாளியின் பெயரும் வரும்.

இளைஞர் ஒருவர் வந்து, "புதிதாகப் பழகப் போகிறேன், எது லேசானது?" என்று கேட்டால், உள்ளதைச் சொல்வோம். லேசானது என்று எதுவும் இல்லை. முதல் நாள் தலை சுற்றும், பத்தாம் நாள் இது இல்லாமல் முடியாது என்று ஆகும். அதைக் கேட்ட பிறகு வாங்குவதும் விடுவதும் வயது வந்த அவருடைய விருப்பம். விட நினைக்கும் வாடிக்கையாளருக்கு, பெட்டியிலேயே அச்சாகியிருக்கும் 1800 11 2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைக் காட்டுவோம். பலர் அந்தப் பெட்டியை ஆயிரம் தடவை திறந்திருப்பார்கள். எண்ணைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஒரு புகையிலை வாடிக்கையாளரை இழப்பதால் நமக்கு நஷ்டமா? கணக்குப் பார்த்தால் இல்லை. அந்தப் பணம் ஊரை விட்டு ஓடிவிடாது. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமாக, வீட்டுக்கு எண்ணெயாக, பண்டிகைக்கு வெல்லமாகத் திரும்பவும் நம் கல்லாவுக்கே வரும். வாடிக்கையாளர் ஆரோக்கியமாக நெடுநாள் இருந்தால், அவர் பேரில் எழுதும் பற்று வரவும் நெடுநாள் இருக்கும்.