குடலைப் பற்றும் சயரோகம்

சயரோகம் என்றதும் இருமலும் இரத்தம் கலந்த சளியுமே பலருடைய நினைவுக்கு வருவன. 1882ஆம் ஆண்டிலே றொபேர்ட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் உலகுக்கு அறிவித்த அக்கிருமி குடலிலும் குடியேறுவதுண்டு. நுரையீரல் நோயுள்ளவர் விழுங்கும் சளியோடும், இரத்தத்தின் வழியாகவும் அது வயிற்றை அடைகின்றது. அதன் இனத்ததான மாட்டுச் சயரோகக் கிருமியோ காய்ச்சாத பாலோடு வந்து சேரும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்தியே இந்நோய் பெரும்பாலும் பற்றும் இடமாகும்.

வலப்புற அடிவயிற்றில் விட்டுவிட்டு வரும் வலி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என்பன அடையாளங்கள். சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல். இவற்றுள் ஒன்றேனும் இந்நோய்க்கு மட்டும் உரியதன்று. மார்பின் எக்ஸ்றேப் படம் பழுதின்றி இருக்கிறதென்று ஆறுதல் அடைவதற்கும் இல்லை. குடலில் நோயுள்ளவர் பலருக்கு நுரையீரல் தெளிவாகவே இருக்கும்.

வைத்தியரை மிகவும் மயக்குவது, 1932இல் குரோன் என்பவரும் தோழர் இருவரும் விவரித்த குடலழற்சியாகும். அதுவும் அதே சந்தியைப் பற்றும். அங்கே புண்ணையும் ஒடுக்கத்தையும் உண்டாக்கும். அந்நோய்க்குக் கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது. சயரோகம் உள்ளவருக்கு, கிருமியைக் கொல்லும் மருந்தின்றி அதைத் தனியே கொடுத்தால், நோய் உடலெங்கும் பரவ இடமுண்டு. ஆகவேதான் குழாய்க் கருவியைச் செலுத்திப் புண்ணின் பல இடங்களிலிருந்து சிறு துண்டுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றிலே கிருமியை வளர்த்துக் காண எட்டு வாரம் வரை செல்லும். மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் குடற்றுண்டில் அது கிருமியைத் தவறவிடுவதும் உண்டு. எல்லாம் செய்தும் ஐயம் நீங்காவிடில், சயரோக மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தின்பின் மீண்டும் உள்ளே நோக்குவர். புண் ஆறியிருந்தால் அதுவே சான்று.

சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். முதல் இரு மாதம் ஐசோனியாசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என நான்கு மருந்துகள். அப்பால் முதலிரண்டு மட்டும். றிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். சில வாரத்தில் காய்ச்சல் தணிந்து பசி எடுக்கும். பலர் மருந்தைக் கைவிடுவது அப்பொழுதுதான். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறுவதற்கும் அதுவே வழியாகிறது.

குடல் அடைபட்டாலோ துளைபட்டாலோ சத்திரசிகிச்சை தேவைப்படும். நோய் தீர்ந்தபின்னும் உண்டதும் வயிறு உப்பி வலித்தால், ஆறிய புண்ணின் தழும்பு குடலை ஒடுக்கியிருக்கக்கூடும். அதனை மருந்து விரிக்காது. சிறு பலூனால் விரிக்க முயல்வர், அல்லது அப்பகுதியை வெட்டிச் சீர்செய்வர்.