கல்லிலிருந்து அத்திப்பலகைக்கு

உருவத்தை வணங்குகிறவர் கல்லையும் கடவுளையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறாரா என்ற கேள்வி மிகப் பழையது. அதற்கு நம் ஊர்க் கோயில்களே நல்ல விடை வைத்திருக்கின்றன. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் என்றொரு சடங்கு நடக்கும். நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்த கும்பத்தில் நீர் நிரப்பி, மூலவரிடம் உள்ள தெய்வ சாந்நித்தியத்தை மந்திரம் ஓதி அந்த நீருக்கு மாற்றுவார்கள். பிறகு பல கோயில்களில் அது அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்குப் போகும். குடமுழுக்கு நடக்கும்வரை பூசையும் நைவேத்தியமும் அந்தப் பலகைக்குத்தான். தலைமுறை தலைமுறையாகக் கைகூப்பிய கற்சிலைக்கு அந்த நாட்களில் பூசை கிடையாது. சிற்பி உளியோடு உள்ளே போகலாம், சாரம் கட்டலாம், பீடத்தைப் பெயர்த்து மருந்து சாத்தலாம். கல்லே கடவுள் என்று நம்புகிற சமூகம் இப்படியொரு சடங்கை வகுத்திருக்க முடியாது.

வீட்டுப் பூசையிலும் இதே அறிவு இருக்கிறது. மஞ்சள்பொடியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூன்று விரலால் கூம்பாகப் பிடித்து, உச்சியில் அருகம்புல்லைச் செருகிக் குங்குமம் வைத்தால் அது பிள்ளையார். எழுந்தருளச் சொல்லி அழைத்துப் பூசை செய்கிறோம். முடிந்ததும் வடக்கே சற்று நகர்த்தி வைத்து விடைகொடுக்கிறோம். பிறகு அந்த மஞ்சளை நீரில் கரைத்துவிடுகிறோம். பூசைக்கு முன் அது சமையலறைப் பொருள். பூசை நேரத்தில் தெய்வம். பின்பு மறுபடியும் மஞ்சள். அந்த மூன்று நிலைக்கும் உள்ள வேறுபாடு, ஏடு படிக்காத பாட்டிக்கும் தெரியும். சின்னம் என்பது மனம் நிலைகொள்ள நாமே அமைத்துக்கொள்ளும் இடம் என்பதுதான் இந்தச் சடங்குகள் சொல்லும் செய்தி.

உருவமற்றவனை வணங்க உருவம் எதற்கு என்று கேட்கலாம். சைவ மரபு இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று நிலை வகுத்து, லிங்கத்தை அருவுருவம் என்றது. சிதம்பரத்தில் ஆடும் கூத்தன் திருமேனிக்குப் பக்கத்திலேயே திரை விலக்கிக் காட்டப்படும் இடத்தில் சிலை எதுவும் இல்லை. பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன, அவ்வளவுதான். வடலூரில் வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்தபோது, ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதியை வைத்தார். சிலை போனாலும் திரையும் விளக்கும் தரிசன நேரமும் தேவைப்பட்டன. கையும் கண்ணும் காதும் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்பது மனித மனத்தின் இயல்பு.

பிற சமயங்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. சாஞ்சியின் பழைய சிற்பங்களில் புத்தரின் உருவம் இல்லை. போதிமரமும் பாதச்சுவடும் வெற்று ஆசனமும் அவரைச் சுட்டின. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவப் படங்களைத் தடைசெய்து அழித்தபோது பெரும் பூசல் மூண்டது. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் காட்டப்பட்டவரைச் சென்று சேரும், ஆராதனையோ இறைவனுக்கு மட்டுமே உரியது என்று தீர்த்தது. உருவத்தை முற்றிலும் விலக்கிய இஸ்லாமில் தொழுகை மக்காவை நோக்கிய ஒரே திசையில் நடக்கிறது; அங்கே திசை எல்லோரையும் ஒன்றாக நிறுத்துகிறது, வணக்கம் இறைவனுக்குத்தான்.

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. சின்னத்தையே முடிவாகக் கொள்கிறவர்கள் உண்டே என்பது முதலாவது. உண்மைதான். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி பரவி, நாடு முழுவதும் மக்கள் கரண்டியில் பாலோடு வரிசையில் நின்றார்கள். நீர்மத்தின் பரப்பு இழுவிசையால் பால் சிலையின் மேற்பரப்பில் வழிந்தோடுவதை அறிவியலாளர்கள் விளக்கினார்கள். அற்புதம் தேடிய அந்தப் பரபரப்பு, பாலாலயம் கற்பித்த பாடத்தை மறந்ததன் விளைவு. இரண்டாவது வாதம் இன்னும் கடுமையானது: சின்னத்தைக் காவல் காப்பவர்கள் மனிதரை வாசலில் நிறுத்தினார்கள். இதை மழுப்பக் கூடாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த அநீதிக்கு எழுந்த சமய விடைகளில் ஒன்றும் சின்னமாகவே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் தொடங்கிய வழிபாட்டில் சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி நிற்கிறது. தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்டவன் தலைப்பாகையோடு அதன் முன் நின்று, தெய்வம் குடியிருக்கும் தன் முகத்தையே பார்க்கிறான்.

ஆகவே சின்னம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு வீண் வழக்கு. சின்னம் இல்லாத வழிபாட்டை வரலாற்றில் காண்பது அரிது. நாம் கேட்க வேண்டியது, நம் முன் உள்ள சின்னம் நம்மை எங்கே கொண்டுபோகிறது என்பதைத்தான். அதன் முன் நின்றுவிட்டுத் திரும்பும் மனம் பக்கத்தில் நிற்பவரைச் சமமாகப் பார்க்கிறதென்றால் அந்தக் கல் தன் வேலையைச் செய்துவிட்டது. அவரை விலக்கச் சொல்கிறதென்றால், எத்தனை குடமுழுக்கு நடத்தினாலும் அங்கே வழிபாடு நடக்கவில்லை.