மாமல்லபுரத்துக் கடல்: நாளை அலை எப்படி?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை ஒட்டிய கடலடி முழுக்க மணல் இல்லை. கோயில் நிற்கும் கருங்கற்பாறை கரையோடு முடிந்துவிடாமல் தண்ணீருக்குள்ளும் நீண்டு கிடக்கிறது. கடலுக்குள் மேடாக நிற்கும் இத்தகைய பாறையை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துப்பாரில் இருப்பதும் இதே சொல்தான். அங்கே பவளப்பாறையும் உண்டு. இங்கே கருங்கல் மட்டும். கோயிலைக் காப்பதற்காகக் கொட்டிய பாறைகளும் கரையோரத்தில் அதோடு சேர்ந்துகொண்டன. எதிரே தீவு இல்லை, வளைந்து மறைக்கும் குடாவும் இல்லை. வங்கக் கடல் அனுப்புவதெல்லாம் நேராக இந்தப் பாறைமேல் வந்து உடைகிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் இந்த இடத்தைத் தேடி வருவதும், நீச்சல் தெரிந்தவர்கள்கூட இங்கே மாட்டிக்கொள்வதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனே கடற்கரைக் கோயிலையும் கட்டினான். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சி தலைநகர், மாமல்லை துறைமுகம் என்று இருந்த உறவு, நிர்வாகக் கணக்கில் 2019 நவம்பர் வரை நீடித்தது. அந்த மாதம் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டம் தன் கடற்கரையை இழந்தது. காஞ்சியிலிருந்து கடற்கரைக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை. கிளம்புவதற்கு முன் எல்லாரும் பார்ப்பது மழை உண்டா இல்லையா என்பதை. தெருவில் பாவு நீட்டுகிற நெசவாளருக்கு அந்த ஒரு சேதி போதும். கடலில் இறங்குகிறவருக்குப் போதாது. மழைக்கும் அலைக்கும் பல நாட்களில் சம்பந்தமே இருக்காது.

அலை முன்னறிவிப்பு பொதுவாக ஒரே வரியில் இருக்கும். ஒரு ஜூலை மாத நாளுக்கு அது இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: உயரம் 1.2 மீட்டர்; இடைவெளி 13 நொடி; திசை தென்தென்கிழக்கு; காற்று காலையில் மேற்கு 8 நாட், பிற்பகலில் தென்கிழக்கு 14 நாட். இதில் கண் முதலில் போவது 1.2 என்ற எண்ணுக்கு. உண்மையில் வரியிலேயே மிகக் குறைவாகப் பேசும் எண் அதுதான்.

முன்னறிவிப்பு சொல்லும் உயரம் எல்லா அலைகளின் சராசரி அன்று. வருகிற அலைகளில் பெரியவையான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். ஆகவே 1.2 என்று போட்ட நாளில் முழங்கால் உயர அலையும் வரும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் இரு மடங்கை நெருங்கும் அலையும் வரும். பாறைமேல் முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பவரை அடித்துச் செல்வது அந்த ஓரலைதான். ‘இவ்வளவு நேரம் சும்மாதானே இருந்தது’ என்று கரையில் நிற்பவர்கள் சொல்வதும் உண்மையே.

அடுத்த எண்தான் உயிரானது. இடைவெளி என்பது ஓர் அலையின் முகடு ஓரிடத்தைத் தாண்டியதிலிருந்து அடுத்த முகடு அதே இடத்தைத் தாண்டும் வரை ஆகும் நேரம். 6 நொடி என்றால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. ஆழ்கடலில் அதன் நீளம் 56 மீட்டர் அளவே. 14 நொடி என்றால் நீளம் 300 மீட்டரைத் தாண்டும். அது எங்கோ தொலைவில் பிறந்தது. இரண்டும் ஒரே உயரமாக இருந்தாலும், பின்னது சுமந்து வரும் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். குட்டை அலைக்கு அது 28 மீட்டரில் நடக்கிறது. நீள அலைக்கு 150 மீட்டர் ஆழத்திலேயே. அங்கிருந்து அது மெதுவாகி, மேடான பக்கம் வளைந்து, கரையை நெருங்க நெருங்க உயர்கிறது. பாறை மேட்டின்மேல் அலைகள் குவிவது இப்படித்தான். ஆழ்கடலில் 1 மீட்டராக இருந்தது பாருக்கு மேலே ஆளுயரத்துக்கு எழும்புவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இந்த நீள அலைகளின் பிறப்பிடம் தென்துருவத்துக்குப் பக்கத்துக் கடல். தெற்கு அட்சரேகை 40 முதல் 60 வரை, நிலம் குறுக்கிடாத நீர்ப்பரப்பில், ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் போய்க்கொண்டே இருக்கின்றன. நம் கோடையின் கடைசியும் ஆடியும் அங்கே குளிர்காலம். புயல்கள் உக்கிரமாக இருக்கும் காலம். அங்கே கிளம்பும் 14 நொடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 50ஆவது தெற்கு அட்சரேகையிலிருந்து மாமல்லபுரம் 7,000 கிலோமீட்டர் அளவு. வந்து சேர ஏழு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். போன ஞாயிறு அந்தக் கடலில் அடித்த காற்று இந்த ஞாயிறு இங்கே கரையைத் தட்டுகிறது. புயலின் இடம், காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் அடித்தது ஆகிய மூன்றும் தெரிந்தால் அலை வரும் நாளைக் கணக்குப் போட்டுவிடலாம். ஏழு நாள் தள்ளி மழை வருமா என்று சொல்வதைவிட ஏழு நாள் தள்ளி வரும் நீள அலையைச் சொல்வது எளிது என்பது இதனால்தான்.

வழியில் ஒரு தடுப்பு இருக்கிறது: இலங்கை. மாமல்லபுரத்துக்கு நேர் தெற்கே கோடு போட்டால் அது இலங்கையில்தான் போய் முட்டும். ஆகவே நேர் தெற்கிலிருந்து வரும் அலையின் பெரும்பங்கு தீவின் நிழலில் அடிபட்டுப்போகிறது. ஓரத்தில் வளைந்து வரும் மிச்சமே இங்கே கிடைக்கும். தீவின் கிழக்குக் கரையைத் தாண்டி, தென்தென்கிழக்காகச் சாய்ந்து வரும் அலைக்கு அந்தத் தடை இல்லை. முன்னறிவிப்பில் ‘தெற்கு’ என்றும் ‘தென்தென்கிழக்கு’ என்றும் போடுவதில் உள்ள வித்தியாசம் இருபத்திரண்டரைப் பாகைதான். பலகையோடு வந்தவருக்கு அது நல்ல நாளுக்கும் வெறும் நாளுக்கும் உள்ள வித்தியாசம். இலங்கையின் கிழக்குக் கரையிலேயே இருக்கும் அறுகம் குடாவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்காளர்கள் அங்கே குவிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அலை வந்து சேர்ந்தால் மட்டும் ஆயிற்றா? காற்று அதைக் கெடுக்காமல் விட வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் காலை நேரங்களில் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கச்சான் என்று கடற்கரையில் சொல்லப்படும் காற்று இது. எழும் அலையின் முகத்தை அது எதிரே நின்று தாங்கி, உடைவதைச் சற்றுத் தள்ளிப்போடும். விடியற்காலையில் கோயில் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தால் அலையின் உச்சியிலிருந்து நீர்த்துளிகள் பின்பக்கமாகக் கடலை நோக்கிச் சிதறுவது தெரியும். முகம் கண்ணாடிபோல் வழவழவென்றிருக்கும். பகல் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று திரும்புகிறது. மேற்குக் காற்று வலுவாக உள்ள மாதங்களில் அது பிற்பகலுக்குத் தள்ளிப்போகும். சித்திரை வைகாசியில் நண்பகலுக்கு முன்பே வந்துவிடும். தென்கிழக்கு 14 நாட், அதாவது மணிக்கு 26 கிலோமீட்டர் என்றால், காலையில் வரிசையாக வந்த அதே அலைகள் பிற்பகலில் கலைந்து நுரைக்காடாகிவிடும். மேலே சொன்ன ஜூலை வரியின் தீர்ப்பு இதுதான்: விடிந்ததிலிருந்து பத்து மணி வரை அருமை, மதியத்துக்கு மேல் வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஓதம். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலேயே சுமார் 1 மீட்டர்தான்; அட்டமி, நவமியை ஒட்டி இன்னும் குறையும். மணல் கரையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பாறைக் கரையில் கதை வேறு. அலை தன் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலான ஆழம் வரும்போது உடைகிறது, 1.5 மீட்டர் அலைக்கு 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். பாருக்கு மேல் நிற்கும் தண்ணீரே ஆள் ஆழம்தான் என்னும் இடத்தில் 1 மீட்டர் வற்றினால், அலை பாறைமேல் சட்டென்று மடிந்து விழும். விழுகிறவரின் தலைக்கும் கல்லுக்கும் நடுவே இடுப்பளவுத் தண்ணீர்கூட இராது.

நீரோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்கேயிருந்து வடக்கே ஓடுவதை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கேயிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்பார்கள். தென்காற்றுக் காலத்தில் தெண்டி. வாடைக் காலத்தில் வன்னி. இதில் புதியவர்கள் குழம்பும் ஒரு மரபு உண்டு. காற்றுக்கும் அலைக்கும் அது வரும் திசையைச் சொல்வார்கள். நீரோட்டத்துக்கு முன்னறிவிப்புகளில் போகும் திசையைச் சொல்வார்கள். ‘தெற்குக் காற்று, வடக்கு ஓட்டம்’ என்றால் இரண்டும் ஒரே பக்கம் போகின்றன என்று பொருள்.

ஐப்பசி பிறந்தால் ஆட்டமே மாறிவிடும். வடகிழக்குப் பருவத்தில் அலைகள் வங்கக் கடலிலேயே, வாடைக்காற்றில் பிறக்கின்றன. இடைவெளி குறுகிய, ஒழுங்கில்லாத, கலங்கல் நிற அலைகள். புயல் உருவானால் அதன் நீள அலைகள் காற்றையும் மழையையும் முந்திக்கொண்டு ஓரிரு நாள் முன்பே வந்துவிடும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. அத்தகைய நாட்களில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு போதுமான எச்சரிக்கை. வேறு முன்னறிவிப்பைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆகவே நல்ல அலைக்காலம் என்றால் மே முதல் செப்டம்பர் வரை. ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை 2025இல் மாமல்லபுரத்தில் ஆகஸ்ட் 3 முதல் 12 வரை வைத்ததும் இந்தக் காலத்தில்தான். அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. வடக்கே கோவளத்தில் இந்த விளையாட்டை வளர்த்த மூர்த்தி மேகவன் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். இதில் வியக்க ஒன்றுமில்லை. கட்டுமரம் தள்ளுகிறவர்கள் பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும் வரை காத்திருந்து, அடங்கிய இடைவெளியில் உள்ளே போவதும், திரும்பும்போது அலையின் முதுகில் ஏறிக் கரை சேர்வதும் பழைய வித்தை. பலகைதான் புதிது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அலை உயரம், இடைவெளி, திசை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றைச் சில நாட்களுக்கு முன்கூட்டியே இலவசமாக வெளியிடுகிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலில் மிதவைகளை நிறுத்தி அளந்து அனுப்புகிறது. கணினி மாதிரிகள் கடலைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாக வெட்டிக் கணக்கிடுகின்றன. அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் கடற்கரைக் கோயிலின் பார் புள்ளியாகக்கூடத் தெரியாது. கணினி சொல்வது ஆழ்கடலின் செய்தி; பாறைமேல் அது என்னவாகும் என்பதைச் சொல்ல அந்தக் கரையில் பல ஆண்டு நின்றவர்தான் வேண்டும். சர்வதேசத் தளங்களைப் பார்ப்பவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். கிரீன்விச் நேரத்தில் 0 மணி என்றால் இங்கே காலை ஐந்தரை.

இன்காய்ஸ் எச்சரிக்கைகளில் ஒரு சொல்லைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: கள்ளக்கடல். திருடனைப்போல் சொல்லாமல் ஏறும் கடல் என்று கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவும் அதை ஏற்றுக்கொண்டது. உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. தென்கடல் புயலின் நீள அலைகள் மட்டும் வந்து கரையேறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. புயல் எதுவும் அன்று தமிழகத்துப் பக்கம் இல்லை. கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து குடும்பத்தோடு மாமல்லபுரம் கிளம்புகிறவர்கள், மழை நிலவரம் பார்க்கும் அதே கைபேசியில் இன்காய்ஸின் அலை எச்சரிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடைவெளி என்ற இடத்தில் 14 நொடி, அதற்கு மேல் என்றிருந்தால், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் பாறைப் பக்கம் பிள்ளைகளை விட வேண்டாம்.