இலக்கு வைத்துப் படித்தல்: அஸ்பேர்கர் நிலையுள்ள மாணவருக்கு

“போய் விஞ்ஞானம் படி” என்று வீட்டில் சொன்னால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் இருந்துவிடுகிறீர்களா? அது சோம்பல் அன்று. அஸ்பேர்கர் நிலையுள்ள பலருக்கு எல்லை குறிக்கப்படாத வேலையைத் தொடங்குவது கடினம். பிடித்த வேலையை நிறுத்துவது அதைவிடக் கடினம். (2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நிலையை ஓட்டிசத்தினுள் சேர்த்துக்கொண்டது. பெயர் மாறியதே தவிர சிரமம் மாறவில்லை.)

ஆகவே உங்கள் இலக்கில் தொடக்கமும் முடிவும் இருத்தல் வேண்டும். சாதாரண தர விஞ்ஞானம் வினாத்தாள் I இல் 40 பல்தேர்வு வினாக்களுக்கு 1 மணித்தியாலம். அதாவது 10 வினாக்களுக்கு 15 நிமிடம். “விஞ்ஞானம் படித்தல்” என்று எழுதாதீர்கள். “பி.ப. 4.00: கடந்தகால வினாத்தாள், வினா 1 முதல் 10 வரை. 4.15: கொப்பியை மூடுதல்” என எழுதுங்கள்.

மூடுதல் என்றால் மூடுதல்தான். 6ஆம் வினா சுவையாக இருந்து மேலும் தேடத் தோன்றினால், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி குறித்துவிட்டு 7ஆம் வினாவுக்குச் செல்லுங்கள். குறித்தவற்றை வாசிக்க ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பரீட்சை மண்டபத்தில் ஒரே வினாவில் தங்கிவிடாமல் காப்பதும் இப்பழக்கமே.

மின்வெட்டோ விருந்தினரோ வந்து அட்டவணை குழம்பினால் அன்றைய நாளே போய்விட்டதாகத் தோன்றும். அதற்கும் இப்போதே ஒரு வரி எழுதி வையுங்கள்: “தடை வந்தால் இரவு 7.30, 5 வினா மட்டும்.”