வயிற்றில் கரையும் புளி

தலைமையாசிரியர் திடீரெனப் பெயர் சொல்லி அழைத்தால் ‘வயிற்றில் புளியைக் கரைத்தது போல இருந்தது’ என்கிறோம். பிறர் உயர்வைக் காணப் பொறாத உணர்வுக்கு ‘வயிற்றெரிச்சல்’ என்று பெயர். மலாய்மொழியிலோ ‘ஹாத்தி’ என்னும் சொல் கல்லீரலையும் மனத்தையும் ஒருங்கே குறிக்கிறது. மனத்தில் எழும் உணர்ச்சியை உடலின் நடுப்பகுதியில் வைத்துப் பேசும் இவ்வழக்கம் வெறும் சொல்லழகு அன்று. அச்சம் கொண்டவரின் வயிற்றில் உண்மையாகவே மாற்றங்கள் நிகழ்கின்றன.

அம்மாற்றங்களை நேரில் கண்டு எழுதிவைத்தவர்களுள் ஒருவர் வில்லியம் பியூமண்ட் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், ஹியூரோன் ஏரியிலுள்ள மக்கினாக் தீவில் ஒரு விபத்து நடந்தது. விலங்குத்தோல் வாணிகத்தில் கூலிக்குப் படகு ஓட்டிவந்த அலெக்சி செயிண்ட் மார்ட்டின் என்னும் இளைஞர்மீது, அருகிலிருந்த ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அவர் பிழைப்பார் என்று எவரும் நம்பவில்லை. பியூமண்டின் சிகிச்சையால் உயிர் பிழைத்தார். ஆனால், இரைப்பையிலிருந்து உடலுக்கு வெளியே திறந்த துளை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது.

அத்துளை பியூமண்டுக்குச் சாளரமாயிற்று. பட்டு நூலில் இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் கட்டி உள்ளே இறக்குவார். சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பார். இரைப்பையின் உட்சுவரையும் கூர்ந்து கவனித்தார். அச்சமோ சினமோ மார்ட்டினைக் கலக்கியபோது அச்சுவர் சில வேளை சிவந்து உலர்ந்தும், சில வேளை வெளுத்தும் போனதை 1833இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். மருத்துவ வரலாறு பியூமண்டைப் புகழ்கிறது. வறுமையின் காரணமாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஆண்டுக்கணக்கில் தம் வயிற்றைத் திறந்து காட்டிய மார்ட்டினுக்கு அப்புகழில் உரிய பங்கு கிடைக்கவில்லை. 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கூறுபோட்டுவிடக் கூடாது என்பதற்காகவே குடும்பத்தார் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தனர்.

மனக்கலக்கம் இரைப்பையை எவ்வாறு எட்டுகிறது? உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை, செரிமானப் பாதையின் சுவர்களுக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இவ்வலை மூளையின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், நாயின் குடலுக்குச் செல்லும் வெளிநரம்புகளைத் துண்டித்துப் பார்த்தனர். அப்போதும் குடலின் உட்புறத்தை அழுத்தினால், அழுத்திய இடத்துக்கு மேற்பகுதி சுருங்கியது, கீழ்ப்பகுதி தளர்ந்தது. உணவைத் தள்ளும் வேலையைக் குடல் தானாகவே செய்தது. இதனால் குடலை ‘இரண்டாம் மூளை’ என்று அழைப்போரும் உளர். அது கணக்குப் போடாது, கவிதை எழுதாது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

இவ்விரண்டையும் இணைக்கும் பாதைகளுள் முதன்மையானது வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியில் தொடங்கிக் கழுத்து, மார்பு வழியாக வயிறுவரை நீள்கிறது. மூளையின் ஆணைகளைக் கீழே கொண்டுசெல்வதே இதன் பெரும்பணி என்று தோன்றலாம். உண்மை வேறு. இந்நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு, உள்ளுறுப்புகளின் செய்தியை மூளைக்கு ஏற்றிச் செல்பவை.

இனி, எஸ்.பி.எம். தேர்வு நாள் காலையை எண்ணிப் பார்ப்போம். மண்டபக் கதவு இன்னும் திறக்கவில்லை. எதிரில் புலி இல்லையென்றாலும், மூளை அதை ஆபத்தாகவே கணிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது; இரத்தம் குடலைவிட்டுத் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. மன அழுத்தத்தின்போது மூளை வெளியிடும் வேதிப்பொருள்களால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிறது. காலையில் உண்டது அங்கேயே தங்கிக் குமட்டுகிறது. அதே வேளையில் பெருங்குடலின் இயக்கமோ விரைவுபெறுகிறது. குமட்டலும் கழிவறை அவசரமும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

எதிர்த்திசையில், குடல் மனத்தை மாற்றுமா? குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களைச் சுற்றியே இன்றைய ஆய்வுகள் நடக்கின்றன. 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் நெருக்கடிக்கு மிகையாக எதிர்வினை காட்டியதைக் கண்டனர். 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரில், ஒருவகை நுண்ணுயிரை உண்ட எலிகளிடம் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளிடம் அப்பலன் தோன்றவில்லை. செய்தி சென்ற வழி அதனால் தெளிவாயிற்று. ஆனால், அதே நுண்ணுயிரை நலமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தபோது, போலி மாத்திரையைவிட அது சிறந்ததாக இல்லை. ‘குடலைக் கவனித்தால் நினைவாற்றல் பெருகும்’ என்று புட்டிகளின்மீது அச்சிடுவோர் இந்த இரண்டாவது முடிவைக் குறிப்பிடுவதில்லை. உடலின் செரோடோனினில் 90 விழுக்காடு குடலில் உருவாகிறது என்பதும் இப்படித்தான் பாதியாகச் சொல்லப்படுகிறது. அந்தச் செரோடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. கீரை, பருப்பு, பழம், தெம்பே ஆகியவை குடலுக்கு நல்லவை. அவற்றை உண்ண அந்தக் காரணமே போதும்.

உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்று வகுப்பறைக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. திங்கட்கிழமை காலைதோறும் வயிறு வலிக்கிறது என்னும் மாணவரிடம் ‘நடிக்காதே’ என்று சொல்வது வழக்கம். மருத்துவச் சோதனையில் குறை எதுவும் தென்படாவிட்டால் அந்த ஐயம் வலுக்கிறது. ஆனால், தொடர்ந்த பதற்றத்தில் குடல் நரம்புகளின் உணர்திறன் கூடுவதுண்டு. பிறர் உணராத சிறு காற்றசைவும் அவர்களுக்கு வலியாகிறது. புண் இல்லை, வலி உண்டு. அனைத்துலகக் குடல்நோய் வல்லுநர் குழு 2016இல் வெளியிட்ட வகைப்பாட்டில், இத்தகைய தொல்லைகளுக்குக் ‘குடல்–மூளை இடைவினைக் கோளாறுகள்’ என்னும் பெயரை ஏற்றது. உணவு மாற்றம், மருந்து ஆகியவற்றோடு, அச்சத்தைக் கையாளக் கற்பிக்கும் உளவியல் பயிற்சியும் இதற்குச் சிகிச்சையாக வழங்கப்படுகிறது.

வயிற்று வலி அனைத்தும் பதற்றத்தால் வருவதில்லை. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் எடை குறைதல், விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும்.