ஷ்வேப்யிதாவில் சிம் கார்டின் விலை

மியான்மரின் யாங்கூன் நகரத்து வடமேற்கு ஓரத்தில், ஹ்லைங் ஆற்றங்கரையில் இருக்கிறது ஷ்வேப்யிதா. 1980களின் கடைசியில் எழுந்த தொழிற்பேட்டைப் புறநகர். இங்குள்ள தையல் ஆலைகளில் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த பெண்கள். குறைந்தபட்ச நாட்கூலி 2018இல் 4,800 கியாட். படிகளைச் சேர்த்தாலும் 2024இல் 6,800தான். வாடகை கட்டி ஊருக்கும் பணம் அனுப்ப இது எம்மாத்திரம்? வீட்டில் தைத்தோ சமைத்தோ இன்னொரு வருமானம் பார்க்க வேண்டும். அதற்குக் கடையும் கல்லாவும் கைப்பேசிதான்.

2000களில் அந்த நாட்டில் ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2014இல் ஊரிடூ, டெலிநார் நிறுவனங்கள் நுழைந்ததும் 1,500 கியாட்டுக்கு இறங்கியது. கைப்பேசியில் பணம் அனுப்பும் சேவைகளாக 2016இல் வேவ் மணி, 2018இல் கேபிஇசட் பே வந்தன. வேவ் மணிக்கு வங்கிக் கணக்கே வேண்டாம். இங்கே பெட்டிக்கடை ஏஜென்டிடம் கட்டினால், கிராமத்து ஏஜென்டிடம் அம்மா வாங்கிக்கொள்ளலாம். 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை அரசு திடீரெனச் செல்லாக்காசாக்கியது. 2003இல் தனியார் வங்கிகள் ஆட்டம் கண்டன. இரண்டையும் பார்த்த சனம் வங்கியைவிடப் பெட்டிக்கடைக்காரரை நம்பியதில் வியப்பென்ன? சரக்கு விற்க ஃபேஸ்புக் நேரலை இருந்தது.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களிலேயே ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. மார்ச் 14 அன்று ஷ்வேப்யிதாவில் ராணுவச் சட்டம். மறுநாள் நாடெங்கும் மொபைல் இணையம் நின்றது. பணம் எடுக்க வங்கிகள் வரம்பு விதித்தன. மின்பணத்தின் குட்டு அப்போதுதான் உடைந்தது. வாலட்டில் லட்சம் கியாட் இருந்தாலும், நோட்டாக மாற்றக் கூடுதல் கமிஷன் அழ வேண்டியிருந்தது. ஒரே கியாட்டுக்கு இரண்டு மதிப்பு!

செயலிப் பயிற்சி கொடுத்தால் வீட்டுத் தொழில் தானாக வளரும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தப் பெண்களுக்கு விற்கத் தெரியும். இணைப்பும், ஏஜென்ட் கல்லாவில் நோட்டும் அவர்கள் கையில் இல்லை.

மிகவும் பின்தங்கிய நாடுகளில் 2020க்குள் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் இணையம் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 9.சி. மியான்மரும் அந்தப் பட்டியலில் உள்ள நாடு. கெடு முடிந்த மறு ஆண்டே இணைப்பைத் துண்டித்தவர்கள், 2022 ஜனவரியில் புதிய சிம் ஒவ்வொன்றுக்கும் 20,000 கியாட் வரி போட்டார்கள். அன்றைய கூலியில் அது நாலு நாள் உழைப்புக்கும் மேல்.