பனித்தளத்திற்கு மீண்டும் எப்போது? ஐஸ் ஹாக்கியில் ஏற்படும் மூளை அதிர்ச்சி குறித்துப் பெற்றோருக்கு

குளிர்காலம் தொடங்கியதும் ஒன்ராறியோ மாகாணத்தின் விளையாட்டு மருத்துவப் பிரிவுகளுக்கு ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகளின் வருகை அதிகரிக்கிறது. தோள் மூட்டுக் காயம், முழங்காலின் உட்புறத் தசைநார்க் காயம், தொடையிடுக்குத் தசை இழுபடுதல் ஆகியவை இவ்விளையாட்டில் வழக்கமானவை. இவை வலி தருபவை; அந்த வலியே பிள்ளையை ஓய்வெடுக்க வைத்துவிடுகிறது. மூளை அதிர்ச்சி அவ்வாறன்று. அடிபட்ட பிள்ளை எழுந்து நிற்கிறது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்கிறது, மீண்டும் ஆடச் செல்கிறது. தன் நிலையை எடைபோட வேண்டிய உறுப்பே காயமுற்றிருப்பதால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடி வளர்ந்து, ஹாக்கியைப் பிள்ளைகள் வழியாகவே அறிந்துகொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு இவ்விளக்கம் பயன்படும் என நம்புகிறேன்.

தலைக்கவசம் எதைக் காக்கிறது?

மண்டையோட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. விரைந்து சறுக்கிச் செல்லும் ஆட்டக்காரர் மற்றொருவருடனோ பக்கச் சுவருடனோ மோதித் திடீரென நிற்கும்போது, தலை நின்றுவிட்டாலும் உள்ளிருக்கும் மூளை அசைந்து திரும்புகிறது. அதனால் நரம்புச் செல்களின் வேதிச் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும் வேளையில், அதற்கேற்ற இரத்த ஓட்டம் கிடைப்பதில்லை. இதுவே மூளை அதிர்ச்சி.

தலைக்கவசம் மண்டையோடு உடைவதையும் தோல் கிழிவதையும் தடுக்கிறது; மூளையின் அசைவை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. மார்பிலோ முதுகிலோ விழுந்த பலத்த மோதலும் தலையை உலுக்கி அதே விளைவைத் தரலாம். நினைவு தப்ப வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதில்லை. சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சியைக் காட்டாது. ஆகவே 'ஸ்கேன் நன்றாக இருக்கிறது' என்பதற்கு 'நாளை ஆடலாம்' என்று பொருளில்லை.

கவனிக்க வேண்டியவை

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, ஒளியும் ஓசையும் தாங்க முடியாமை, கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்டல், காரணமற்ற எரிச்சல் அல்லது அழுகை, வழக்கத்திற்கு மாறான தூக்கம் ஆகியவை அறிகுறிகள். சில அறிகுறிகள் மறுநாள்தான் தெரியவரும். ஐயம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அன்று மீண்டும் இறக்கக் கூடாது.

கழுத்து வலி, மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, மேன்மேலும் கூடும் தலைவலி, கைகால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், இரட்டைப் பார்வை, குறைந்துவரும் நினைவு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உடனே 911-ஐ அழையுங்கள். கழுத்தில் காயம் இருக்கலாம் என்று தோன்றினால் பிள்ளையை அசைக்கவோ தலைக்கவசத்தைக் கழற்றவோ வேண்டாம்.

முதல் 48 மணி நேரம்

இருண்ட அறையில் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று கைவிடப்பட்டுவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அளவான ஓய்வு போதும். வீட்டுக்குள் நடமாடலாம், சிறிது தூரம் நடந்து வரலாம். கைபேசி, கணினித் திரை நேரத்தை இக்காலத்தில் குறைப்பது நல்லது. மருத்துவர் பரிசோதித்து ஆபத்தில்லை என்று கூறிய பின், பிள்ளையைத் தூங்கவிடாமல் விழிக்க வைக்கத் தேவையில்லை. வலி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

ஆறு படிகள்

திரும்பும் வழி ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்படி, அறிகுறிகளைக் கூட்டாத அன்றாடச் செயல்கள். இரண்டாவது, நடையும் நிலைமிதிவண்டியும் போன்ற உடற்பயிற்சி. முதலில் மெதுவாக, பின்னர் மிதமாக. மூன்றாவது, பனித்தளத்தில் எவரும் மோத வாய்ப்பில்லாத தனிப்பயிற்சி. நான்காவது, மோதலற்ற குழுப் பயிற்சி. ஐந்தாவது, மோதலுடன் கூடிய முழுப் பயிற்சி. ஆறாவது, போட்டி.

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் தேவை. முதல் மூன்று படிகளில் அறிகுறி சற்றே கூடித் தணிவதில் தவறில்லை. வெகுவாகக் கூடினால் அன்று நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். நான்காம் படிக்குச் செல்லுமுன் அறிகுறிகள் முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். முழுப் பயிற்சிக்கு முன்னர்ப் பள்ளிப் படிப்பு வழக்கநிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் பலர் நான்கு வாரங்களுக்குள் தேறிவிடுகின்றனர். அதற்கு மேலும் நீடித்தால் சிறப்பு மருத்துவரின் உதவி தேவை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

2013-இல் ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற ரக்பி ஆட்டக்காரர், சில நாட்களுக்குள் பலமுறை தலையில் அடிபட்ட நிலையிலும் தொடர்ந்து ஆடி உயிரிழந்தார். முதல் காயம் ஆறுமுன் விழும் அடுத்த அடி, அரிதாக, மூளையைக் கட்டுக்கடங்காமல் வீங்கச் செய்யும். அவர் பெயரால் ஒன்ராறியோ 2018-இல் 'ரோவன் சட்டம்' இயற்றியது. ஐயத்திற்குரியவரை ஆட்டத்திலிருந்து நீக்குவதும், மருத்துவ ஒப்புதல் பெற்ற பின்னரே முழுமையாகச் சேர்ப்பதும் இன்று விளையாட்டு அமைப்புகளின் சட்டக் கடமை. 2013-இலேயே ஹாக்கி கனடா அமைப்பும் 11, 12 வயதினரின் ஆட்டத்தில் உடலால் மோதித் தடுப்பதை நீக்கிவிட்டது.

எனவே பயிற்சியாளரிடம் 'இன்று என் பிள்ளை ஆடாது' என்று சொல்லத் தயங்க வேண்டாம். சட்டமும் மருத்துவமும் உங்கள் பக்கம் நிற்கின்றன. அறிகுறியை மறைக்காமல் சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள். தவறவிட்ட ஆட்டத்தை அடுத்த வாரம் ஆடலாம். மருத்துவரைக் காண வரும்போது, அடிபட்ட நாள், அடிபட்ட விதம், அன்றுமுதல் கண்ட அறிகுறிகள், முன்னர் ஏற்பட்ட தலைக்காயங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். சிகிச்சையைத் திட்டமிட அக்குறிப்பு பெரிதும் உதவும்.